ஆளில்லா வருகைக்கு ஆரவாரமா?

திருப்பூரில் பனியன் தைப்பவருக்குப் பீஸ் கணக்கிலே கூலி. கிழிசலும் கறையும் உள்ள உருப்படியைச் செக்கிங் பெண்கள் ஒதுக்கிவிடுவர். உழைப்பவன் கணக்கிலே இத்தனை கண்டிப்பு!

அதே ஊரில் இணையதளம் வைத்திருக்கும் சிறுமுதலாளியிடம், "பல்லாயிரவர் வந்தனர்" என்று கூறி விளம்பரப் பணம் கேட்கிறார்கள். வந்தவர் மனிதர்தாமா? 2024இல் உலக இணையப் போக்குவரத்தில் 51 விழுக்காடு, பாட் எனப்படும் தானியங்கி நிரல்களின் நடமாட்டம் என்றது இம்பெர்வா நிறுவன அறிக்கை. பாட் வந்து பனியன் வாங்குமா? ஆர்டர்தான் தருமா? வீண் செலவு யார் தலையில் விடியும்? கூலி உயர்வு கேட்டு நிற்பவன் தலையில்தான்!

"வடிகட்டுகிறோமே" என்பர். கூகுள் அனலிடிக்ஸ், அறியப்பட்ட பாட்களை நீக்குவது மெய்தான், மறுப்பாரில்லை. எத்தனை நீக்கினோம் என்று மட்டும் காட்டமாட்டார்கள்! பட்டியலில் சேராது மனிதனைப்போல் நடிக்கும் பாட்களோ நுழைந்துவிடுகின்றன. ஒதுக்கியதன் கணக்கைக் காட்டாத செக்கிங்கை எந்தக் கம்பெனி ஏற்கும்?

தொழில் நடத்தும் தோழர்களே, உங்கள் சர்வர் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்தவை எத்தனை? டேட்டா சென்டர் முகவரிகளிலிருந்து வந்தவை எத்தனை? அவற்றைக் கழித்து, மிஞ்சியதற்கே பில் போடச் சொல்லுங்கள்.