உங்க கஷ்டத்துக்கு ஒரு தொகை இருக்கா?

போன மாசம் சித்தப்பா பையனோட கொல்லிமலை போயிருந்தேன். அவன்தான் கூப்பிட்டான். "மலைக்குப் போனா மனசு லேசாகும்ணே." காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வழி முழுக்க அவன் போன் அடிச்சுக்கிட்டே இருந்தது, எடுக்கவே இல்லை. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி, திரும்ப ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தப்பதான் சொன்னான்: நாலு லோன் ஆப், ஒரு கிரெடிட் கார்டு பாக்கி. "ஆறு மாசமா தூக்கம் இல்லண்ணே. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு."

ஆடிட்டர் புத்தி, உடனே வட்டி எவ்வளவுன்னு கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கிட்டு வேற கேட்டேன். "இந்தக் கடன் மொத்தமும் இன்னைக்கு ராத்திரியே அடைஞ்சிடுச்சுன்னு வை. திங்கட்கிழமை காலையில எப்படி இருப்ப?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "நல்லா தூங்கி எழுந்திருப்பேன்ணே."

அப்போ அது பண நெருக்கடி. அதுக்குத் தொகை இருக்கு, அதனால வழியும் இருக்கு. சம்பளத்தை விடுறது மட்டும் அந்த வழி இல்லை. பழைய கடனை அடைக்க புதுக்கடன் வாங்குறதை முதல்ல நிறுத்துங்க. கார்டுல மினிமம் மட்டும் கட்டினா வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டலாம். வங்கியில பேசி அதை இஎம்ஐ ஆக்குங்க. தவணை தவறியிருந்தாலும் காலை 8 மணிக்கு முன்னாடி, ராத்திரி 7 மணிக்கு மேல வசூல் ஏஜென்ட் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிடுச்சு. உங்க நண்பர்களுக்குப் போன் போட்டு அசிங்கப்படுத்தவும் கூடாது. போட்டோவை மாத்தி மிரட்டினா 1930-க்குப் புகார் பண்ணுங்க.

இதே கேள்விக்கு இன்னொருத்தங்க வேற பதில் சொன்னாங்க. நல்ல சம்பளம், கடன் கிடையாது. ஆனா மாசாமாசம் பயந்துக்கிட்டு வருவாங்க. நானும் ரெண்டு தடவை பட்ஜெட் போட்டுக் கொடுத்தேன். இப்ப யோசிச்சா அது என் தப்பு. "கையில ஒரு கோடி இருந்தாலும் இப்படித்தான் சார் இருக்கும்"னாங்க. அதுக்கு எக்செல் ஷீட்ல மருந்து இல்லை. டாக்டரைப் பாருங்க, இல்லன்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். வாழவே பிடிக்கலைன்னு தோணினா, அது கடனால வந்திருந்தாலும் சரி, கணக்கு அப்புறம், இந்த நம்பர் முதல்ல.

செலவை நினைச்சு தள்ளிப்போடாதீங்க. உடல் நோய்க்கு உள்ள மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தரணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது. ஆனா பல பாலிசில அட்மிட் ஆனாத்தான் பணம் கிடைக்கும். பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க.

துக்கம் வேற ரகம். அப்பா போன மாசமே வந்த கிளைம் பணத்தை ஏஜென்ட் சொன்னதுல போட்டவங்களை நிறைய பார்த்திருக்கேன். ஆறு மாசம் எஃப்டில கிடக்கட்டும், ஒண்ணும் கெட்டுப்போகாது.

ஞாயித்துக்கிழமை மலை இறங்கி சேந்தமங்கலத்துல டீக்கடை. மணி ஏழரை. மறுபடி அவன் போன். இந்தத் தடவை எடுத்தான். "ஏழு மணிக்கு மேல கூப்பிடக் கூடாது. நாளைக்குப் பேசுங்க"ன்னு சொல்லிட்டு வச்சான். இன்னொரு டீ சொன்னான்.