பரிவும் பத்தியமும்

விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றது நமது செட்டிநாட்டுச் சீமை. இங்கே தேவகோட்டையில் நோயாளியைக் காணச் செல்லும்போதும் நாம் வெறுங்கையுடன் செல்வதில்லை. இளநீரும் வாழைப்பழமும் கொண்டு செல்கிறோம். ஆயினும், சிறுநீரகம் நலிந்தவருக்கு இவையே அபாயமாக முடியலாம்.

இவற்றில் பொட்டாசியம் என்னும் தாது மிகுதி. நலிந்த சிறுநீரகம் அதைச் சரிவரக் கழிக்க மாட்டாது. இரத்தத்தில் அது தேங்கினால் இருதயத் துடிப்பே தடுமாறும். 'சோடியம் குறைந்த உப்பு' என விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. எனவே வைத்தியரைக் கேளாமல் அதை வாங்கலாகாது.

உப்போ, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது விதி. ஊறுகாய், வற்றல், அப்பளம், கருவாடு இவற்றை விலக்குவது உத்தமம். அதனால் உணவு சப்பென்றாகிவிடுமோ என்று நமது சகோதரிகள் அஞ்ச வேண்டாம். மிளகு, சீரகம், சோம்பு, பட்டை ஆகியவற்றைக் கையாளுவதில் நம்மவர் சமர்த்தர் அன்றோ? காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியமும் குறையும்.

இன்னொன்று. டயாலிசிஸ் தொடங்குமுன் பருப்பும் மாமிசமும் அளவோடு உண்ணுமாறு சொல்வார்கள். தொடங்கிய பின்னரோ புரதம் கூடுதலாகத் தேவை. அப்போதும் வெறுங்கஞ்சியே வார்த்தால் தேகம் மெலியும். ஆகவே, ஒருவர் பத்தியம் மற்றவருக்குப் பொருந்தாது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் வகுப்பதே சரியான பத்தியம். அதைக் கேட்டறிந்து உணவு கொண்டு செல்வதே மெய்யான பரிவாகும்.