கிள்ளாமல் விட்ட துளசி

மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "பூசணி பூத்துக் கொட்டுகிறது. பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறதே, என்ன உரம் போடலாம்?" பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, தேனீ வராததுதான். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடிகாலையில் மலர்வது உச்சிவெயிலுக்குள் கூம்பிவிடும். அதற்குள் மகரந்தம் இடம் மாறியாக வேண்டும்.

சரி, தேனீக்குப் பிடித்த செடி வாங்கலாம் என்று நர்சரிக்குப் போனால், கண்ணைப் பறிக்கும் அடுக்குச் செம்பருத்தியைத் தலையில் கட்டுவார்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாகவே மாறியிருக்கும். தேனீக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மல்லிகையையோ மொட்டிலேயே பறித்துவிடுகிறோம்.

தேனீக்கு வேண்டிய செடிகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பூக்கத்தான் நாம் விடுவதில்லை. துளசி கதிர் விட்டதும் கிள்ளுகிறோம். கொத்தமல்லி பூவெடுத்ததும் பிடுங்குகிறோம். ஒரு துளசியைக் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள். வெயில் ஏறியதும், எறும்பளவே இருக்கும் கொசுத்தேனீக்கள் கதிரைச் சுற்றும். அவை கொட்டாது, குழந்தைகளும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். திருநீற்றுப்பச்சை, கறிவேப்பிலை, ஒற்றையடுக்குப் பத்துமணிப்பூ, இடமிருந்தால் முருங்கை என்று சேர்த்துக்கொண்டால், ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும். துளசிக்கு வரும் தேனீ பக்கத்துப் பூசணியையும் எட்டிப் பார்க்கும்.

கத்தரி, தக்காளியின் கதை வேறு. அவற்றின் மகரந்தப் பைகள் நுனியில் மட்டும் துளை உள்ள உப்பு டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். கூட்டுத் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து 'ங்ங்' என்று அதிரும். மகரந்தம் அதன் மேலேயே உதிரும். அது மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். ஆகவே முற்றம் முழுக்க சிமென்ட் பூசாமல் ஓர் ஓரத்தையாவது வெறும் மண்ணாக விடுங்கள்.

பூத்த செடிக்குக் காலையில் மருந்தடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் என்றாலும் பொழுது சாய்ந்த பிறகே. கூழாங்கல் போட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். தேனீக்கள் கல்லில் உட்கார்ந்து குடிக்கும்.

அடுத்த முறை கொத்தமல்லி விதைக்கும்போது ஒரு தொட்டியை மட்டும் பறிக்காமல் பூக்க விடுங்கள். அடுத்த போகத்துக்கு விதையும் உங்களுக்கே கிடைக்கும்.