சாவி உள்ளே, நான் வெளியே

சகோதரிகளே, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைபேசியில் அதைச் செய்தவள் நான்தான்.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவதெல்லாம் 2016 முதலே பூட்டித்தான் போகிறது. அந்தச் சாவிகளைக் கைபேசியே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் கூகுள் டிரைவில் சேரும் நகலுக்கும் அப்படிப் பூட்டுப் போடும் வசதி 2021-ல்தான் வந்தது. கடவுச்சொல் வைக்கலாம், எண்ணும் ஆங்கில எழுத்துமாக 64 இலக்கச் சாவியும் உண்டாக்கலாம்.

பிரசவத்துக்கு வந்த என் மகள், தன் ரிப்போர்ட்டெல்லாம் அதில் இருக்கிறதே என்று சாவி உண்டாக்கித் தந்து, "நோட்டில் எழுதி வைம்மா" என்றாள். அறுபத்து நாலையும் யார் எழுதுவது? திரையைப் படம் பிடித்து அதே கைபேசியில் வைத்தேன். போன மாதம் பஸ்ஸில் கைபேசியே தொலைந்தது!

நகல் பத்திரமாகத்தான் இருக்கிறது. சாவி கம்பெனிக்காரர்களிடமும் கிடையாதாம். பிரசவ லேகியம் கிளறும் பக்குவத்தை என் மாமியார் தம் குரலில் சொல்லி அனுப்பியது அதற்குள் இருக்கிறது. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. அயலார் கேட்க முடியாது, சரி. நானும்தான் கேட்க முடியாது.

புதுச் சாவியை நாலு நாலாகப் பிரித்து எழுதினேன். மகள் வாசிக்க, சரிபார்த்து, ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.