கூழ்ச்சட்டியும் கிற்றாரும்

2009 ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டிகள். ஒன்று அம்மாவுக்கு, மற்றது எங்களுக்கு. அம்மா மச்சம் தொடமாட்டா. அண்ணா திரும்பி வந்து வாசலில் நின்று "பசிக்குது அம்மா" என்று சொல்லும் வரைக்கும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாயில் வைப்பதில்லை என்று செட்டிகுளம் முகாமில் இருந்தபோது நேர்ந்துகொண்டவ. சோறும் பருப்பும் தவிர வேறொன்றும் கிடைக்காத இடத்தில் எடுத்த நேர்த்தி. சின்னம்மா ஒருமுறை அதைச் சொல்லிப் பகிடி விடப்போய், இரண்டு மாதம் அம்மா அவவோடு கதைக்கவில்லை.

அதனால் எங்கள் குசினியில் அம்மாவுக்கு ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு கத்தி என்று எல்லாம் தனித்தனி. எனக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. இவருக்கும் அப்படித்தான். வேலையால் வந்து இரண்டு சமையலையும் முடித்து நிமிர இரவு எட்டரை ஆகிவிடும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆன் ஓக்லி என்ற ஆய்வாளரின் நூல் பற்றிப் படித்தோம். 1974 இல் வெளிவந்தது. லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் சராசரியாக வாரத்துக்கு 77 மணித்தியாலம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பரீட்சைக்காகப் பாடமாக்கிய இலக்கம் அது. அந்தப் பெண்களுக்கு விறகு பொறுக்கும் வேலை இருக்கவில்லை என்று நான் நினைத்தது 2022 பங்குனியில்தான்.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 400 கிராம் பால்மாப் பைக்கற் 790 ரூபாவுக்கு ஏறி, அதுவும் கடையில் இல்லை. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் சித்திரையில் 4,860 ரூபா ஆனது, அதற்கும் வரிசை. பங்குனிக் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. வெறும் சிலிண்டரை ஒரு மூலையில் உருட்டிவிட்டு, முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். ஓர் அடுப்பில் இரண்டு சமையல் நடக்காது. எங்கள் மீன் சட்டி பரணுக்குப் போனது. பால்மா இல்லாததால் பால் தேத்தண்ணியும் போனது. சம்பளத்துக்கும் விலைக்கும் பொருந்தாததால் மிச்சம் இருந்ததெல்லாம் போனது. ஒரு வாரத்துக்குள் வீடு முழுவதும் அம்மாவின் சட்டிக்குள் வந்துவிட்டது.

பதின்மூன்று வருடமாக ஒரே குசினியில் நின்றும் அம்மா என்ன சமைக்கிறா என்று நான் கவனித்ததில்லை. அது "விரதச் சாப்பாடு", அவ்வளவுதான். இப்போது பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான், அவவின் சமையல் சந்தையைப் பார்த்து நடப்பதல்ல, வளவையும் மாதத்தையும் பார்த்து நடப்பது என்று விளங்கியது. மார்கழி மழைக்கு வேலியில் படரும் முசுட்டை வறையாகும். குளக்கரைப் பொன்னாங்காணியும் வல்லாரையும் சம்பலாகும். தை, மாசியில் பனங்கிழங்கு கிண்டி, கொஞ்சத்தை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். பங்குனியில் முருங்கை. வைகாசி, ஆனியில் பலாக்கொட்டை. ஆவணியில் பனம்பழம். அந்தந்த நேரத்தில் மலிந்து கிடப்பதுதான் கறி. எல்லாவற்றையும் சேர்த்துவைக்கத் தேங்காய்ப்பால் இருக்கிறது. மாட்டுப்பால் இல்லாத குறை எனக்குத் தேத்தண்ணியில் மட்டும்தான் தெரிந்தது.

வெளிநாட்டிலிருந்து பெரியம்மாவின் மகள் அடுத்த வருடம் வந்தபோது இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு பெயர் சொன்னாள்: "வீகன்". மீன், இறைச்சி மட்டுமில்லை, பால், நெய், தேன்கூட இல்லையாம். அங்கே அதற்கென்று தனிக் கடைகளே இருக்கின்றனவாம், விலையும் கூடவாம். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அங்கயும் பால்மா தட்டுப்பாடோ?" என்றா.

எங்கள் வீட்டு ஒடியற்கூழை இங்கே சொல்லிவிடுகிறேன். மீன், நண்டு போடாமல் கூழா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தவள்தான். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு, மூன்று தரம் மாற்றினால் கயர்ப்புப் போய்விடும். பெரிய சட்டியில் ஒரு பிடி அரிசி, துண்டாக்கிய பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு போட்டு அவியவிடுங்கள். பலாக்கொட்டைக் காலமென்றால் அதுவும். மரவள்ளி போட்டால் சட்டியை மூடாமல் அவிப்பதும் இஞ்சியைக் கிட்டவும் கொண்டுவராததும் அம்மாவின் கட்டளை. எல்லாம் அவிந்தபின் முருங்கையிலை. செத்தல் மிளகாய், உள்ளி, மஞ்சள், உப்பு அரைத்த கூட்டு. பிறகு பழப்புளியோடு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். அடிப்பிடித்தால் முழுச்சட்டியும் வீண். பனையோலையில் பிளாக் கோலிக் குடித்தால்தான் கூழ், கோப்பையில் குடித்தால் அது சூப் என்பது இவருடைய கருத்து. நான் மறுக்கவில்லை.

அந்தக் கூழ்க்காலத்தில்தான் கறையான் வந்தது.

அலுமாரியின் பின்பலகையில் மண் கோடு ஏறியிருந்தது. அதன் மேலேதான் அண்ணாவின் கிற்றார் இருக்கிறது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் அவன் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்தான். அங்கே ஒரு சிநேகிதனிடம் பழையதாக வாங்கியது. லீவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவான். எனக்கும் கொஞ்சம் காட்டித் தந்தான். 2006 ஆடியில் மட்டும் "இரண்டு கிழமைதானே" என்று மாமி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். ஓகஸ்ட் 11 இல் பாதை பூட்டிவிட்டது. அவன் திரும்பிப் போகவில்லை. 2009 இல் எங்கள் கையை விட்டும் போய்விட்டான். எங்களுடையது என்று சொல்ல ஒரு கரண்டிகூட மிஞ்சாத வீட்டுக்கு, 2011 இல் மாமி அந்தக் கிற்றாரைக் கொண்டுவந்து தந்தா.

அம்மா அதை ஒரு சேலையால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தா. வெள்ளிக்கிழமைகளில் சேலைக்கு மேலால் தூசு தட்டுவா. யாரும் அவிழ்க்கக்கூடாது. நானும் கேட்கவில்லை. 2017 மாசி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அம்மா அண்ணாவின் படத்தோடு அங்கே போய் இருந்தா. மரணச் சான்றிதழ் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நானோ செயலமர்வுகளில் இதைப் பற்றியே பேசுகிறவள். போலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1999 இல் ஒரு நூல் எழுதினார். ஆள் உடலால் இல்லை, மனதில் இருக்கிறார், இறந்தார் என்று சொல்லவும் முடியாது, இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது. இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். இதற்கு முடிவு கட்டச்சொல்லி அந்தக் குடும்பங்களை வற்புறுத்தக்கூடாது, இரண்டு நினைப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழகலாம் என்பது அவருடைய கருத்து. வெண்பலகையில் இதை நான் எத்தனை தரம் எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்த அலுமாரியை ஏறிட்டுப் பாராமல் நடப்பேன்.

கறையானுக்குப் பயந்து அம்மாவே கிற்றாரை இறக்கினா. சேலை அவிழ்ந்தது. கறையான் தொடவில்லை. ஆனால் கம்பியெல்லாம் துருப்பிடித்து, ஒன்று அறுந்து சுருண்டிருந்தது. கழுத்து வில்லுப்போல வளைந்துபோயிருந்தது. இரண்டு கிழமையில் வருவேன் என்று போனவன் கம்பிகளைத் தளர்த்திவிட்டா போவான்? பதினாறு வருடம் அந்த இழுவையிலேயே இருந்திருக்கிறது.

அம்மா அழவில்லை, கோபப்பட்டா. "உனக்குத் தெரியுந்தானே. அவன் உனக்குத்தானே பழக்கினவன். ஒரு நாளாவது பாத்தனியே?" என்று என்னில் பாய்ந்தா. அவிழ்க்கவிடாதது நீங்கள்தானே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாததில் நியாயமும் இருந்தது. அவிழ்க்கச் சொல்லியிருந்தாலும் நான் அவிழ்த்திருக்கமாட்டேன்.

தேவாலயம் ஒன்றில் பாடகர்குழுவுக்கு வாசிக்கும் ஓர் அண்ணையிடம் கொண்டுபோனேன், அம்மாவும் கூடவந்தா. கிற்றாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எல்லாக் கிற்றாரிலும் இராதாம், இதில் இருந்தது. அதன் தலைப்பை ஒரு சிறு திறப்பால் அவர் கால் சுற்றுத் திருப்புவார், அடுத்தநாள் வரை விடுவார், திரும்பவும் கால் சுற்று. அவசரப்பட்டால் முறிந்துவிடும் என்றார். ஒரு வாரம் எடுத்தது. "முழுக்கச் சரிவராது தங்கச்சி. மேல்கட்டையில வாசிக்கக் கஷ்டம், கீழ்க்கட்டையில காணும்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சும்மா வைச்சா மரம் தன்பாட்டுக்கு வளையும் அம்மா, ஆராவது வாசிக்கவேணும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. படலையைத் திறக்கும்போது, "அப்ப நீ வாசி" என்றா.

புதுக் கம்பி ஒரு செற் இரண்டு பால்மாப் பைக்கற்றின் விலை. இரண்டு மாதமாகப் பால்மா வாங்காத வீடு, ஆகையால் மனச்சாட்சி குத்தவில்லை. பழைய கம்பிகளை எறிய அம்மா விடவில்லை. வளையமாகச் சுற்றி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறா. அவன் விரல் பட்டவை.

பதினாறு வருடத்துக்குப் பிறகு என் விரலுக்கு என்ன நினைவிருக்கும்? ஒன்றே ஒன்று இருந்தது. ஈ மைனர். ஐந்தாம் நான்காம் கம்பிகளை இரண்டாம் கட்டையில் இரண்டு விரலால் அழுத்தி, ஆறு கம்பியையும் மீட்டினால் போதும். தொடங்குகிறவருக்கு இதைவிட இலேசானது இல்லை என்று அண்ணா முதலில் காட்டித் தந்தது. முதற்கிழமை விரல்நுனியில் கொப்புளம். அதோடு தேங்காய் திருவ முடியவில்லை. இவர் திருவத் தொடங்கினார். பின்னேரம் ஆறரையிலிருந்து பத்துக் குறைய ஏழு வரை, இருபது நிமிடம், நான் குசினிப் பக்கம் போவதில்லை என்று ஏற்பாடு. விரல் ஆறிவிட்டது, ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஆன் ஓக்லிக்குத் தெரிந்தால் சந்தோசப்படுவார்.

கதை வராமலும் இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் கிற்றார்ச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். "பொடியனைத் துலைச்சுப்போட்டு அங்க பாட்டுக் கச்சேரி நடக்குது" என்று ஒருவர் கடையில் சொன்னதாக வந்தது. எனக்குக் கை கூசிவிட்டது, மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் கூழ் துழாவிக்கொண்டிருந்த அம்மா, "ஏன் இண்டைக்கும் இல்லையோ?" என்றா. காரணத்தைச் சொன்னேன். "அவையின்ர வீட்டு அலுமாரியிலயே கிடந்தது?" என்று கேட்டுவிட்டுத் துழாவினா. அன்றிரவு முற்றத்தில் அடுப்பு வெளிச்சத்தில் ஈ மைனரும் ஜியும் மாறிமாறி வாசித்தேன். மகள், அப்போது ஆறு வயது, பிளாவைக் கையில் பிடித்தபடி நித்திரையாகிவிட்டாள். "அவன் இன்னும் கெதியாய் அடிப்பான்" என்றா அம்மா. ஓம் என்றேன். அவனைப் பற்றி அவ அடுப்படியில் இருந்து சாதாரணமாகச் சொன்ன முதல் வசனம் அது.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் பிழையாகிவிடும். 2023 இல் அம்மாவுக்குப் பாதம் விறைக்கத் தொடங்கியது. கிளினிக்கில் இரத்தம் சோதித்து, பி12 விற்றமின் குறைவு என்றார்கள். மச்சம் விட்டு இத்தனை வருடம் அவவைக் காப்பாற்றியது பால் தேத்தண்ணி. அதுவும் நின்றதும் உள்ள கையிருப்புக் கரைந்துவிட்டது. புரதத்துக்கு உழுந்து, கௌபி, கடலை, பயறு இருக்கின்றன. கீரையின் இரும்புச்சத்துக்குச் சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி சேர்த்து, சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிக்காமல் விட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் பி12 மரக்கறியில் கிடையாது. விரதத்தாலோ விலையாலோ பாலையும் முட்டையையும் நெடுங்காலம் விட்டிருக்கும் சகோதரிகள், முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாலூட்டுகிறவர்களும், கிளினிக்கில் இதை வாய் திறந்து சொல்லுங்கள். அம்மா ஊசிக்கு மறுப்பா என்று பயந்தேன். "நேர்த்தி வாய்க்குத்தானே, கைக்கில்லையே" என்று கையை நீட்டினா.

சென்ற மாதம் எங்கள் பெண்கள் குழுவில், இடம்பெயர முதல் உங்களுக்கு என்ன செய்ய விருப்பமாக இருந்தது என்று கேட்டேன். செயற்றிட்டப் படிவத்தில் இல்லாத கேள்வி. ஒருவர் வலைப்பந்து என்றார், பாடசாலை அணியில் விளையாடியவராம். ஒருவர் கோலம் என்றார். ஓர் அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டு, "பாத்திரம் கழுவேக்க பாடுவன். இப்ப கழுவுறன், பாடுறேல்ல" என்றார். வலைப்பந்துக்காரருக்கு முழங்கால் வலி. ஆனாலும் அடுத்த சந்திப்புக்கு ஒரு பந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்.

காஸ் திரும்பக் கிடைக்கிறது. மீன் சட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது, ஞாயிறில் மட்டும். மற்ற நாட்களில் நாங்கள் அம்மாவின் சட்டியில்தான். கிற்றார் இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது, சேலை சுற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா துணியால் துடைக்கும்போது கம்பிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போடும். குசினியில் இருந்தே எனக்குக் கேட்கும், மூன்றாம் கம்பி இறங்கியிருக்கிறது என்று.