நூறு வயது மரத்தை நட்டவர்கள்

அரிஜோனா ராஜ்யத்தில் வீடு கட்டும் செல்வர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. சுவர் எழும்பி, வர்ணம் பூசி, வாசலில் சரளைக்கல் பரப்பியாயிற்று என்றால், லாரியில் ஒரு சகுவாரோ வந்து இறங்கும். பாரம் தூக்கும் யந்திரம் அதை அலக்காகப் பிடித்துக்கொள்ள, குழியில் நிறுத்தி மண்ணைத் தள்ளுவார்கள். விலை அடிக் கணக்கு; கிளை இருந்தால் அதற்குத் தனிக் காசு. மறுநாள் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, "நாங்கள் சகுவாரோ வளர்க்கிறோம்" என்று பெருமைப்படுவார்.

வளர்க்கிறாராம்!

சகுவாரோ என்பது தூண்போல ஓங்கி நிற்கும் ஒரு கள்ளி. நம் வேலி ஓரத்துச் சதுரக்கள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அளக்கக் கூடாது. அது வேறு குடும்பம், இது வேறு குடும்பம். அரிஜோனாவின் தென்பகுதி, மெக்ஸிகோவின் சொனோரா மாநிலம், கலிபோர்னியாவின் ஓரத்தில் கொஞ்சம்: இவ்வளவுதான் அது தானாக முளைக்கும் பூமி. நாற்பது, ஐம்பது அடி உயரும். மழைநீரைக் குடித்து உடம்பெல்லாம் தேக்கிக்கொண்ட பெரிய மரம் ஆறு டன் எடைகூட இருக்கும்.

ஆனால் அது வளர்கிற வேகத்தைக் கேளுங்கள். முதல் எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம். பூ விட 35 வருஷம். முதல் கிளை தோன்ற ஐம்பது முதல் எழுபத்தைந்து வருஷம். மழை குறைந்த இடமானால் நூறு. ஆயுள் நூற்றைம்பதுக்கு மேல். ஒரு மரம் தன் வாழ்நாளில் கோடிக்கணக்கான விதைகளை உதிர்த்தாலும் பிழைத்து மரமாவது ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழலில், அவற்றின் மடியில் பிறந்தவையாக இருக்கும். செவிலித்தாய் மரம் என்றே தாவர நூலார் அவற்றைச் சொல்கிறார்கள்.

ஆகவே, கிளைவிட்ட சகுவாரோவைக் காசு கொடுத்து இறக்கியவர் அதை வளர்த்தவர் அல்லர். ஊரான் பெற்று வளர்த்த பிள்ளையை அவனுடைய சஷ்டியப்த பூர்த்தியன்று சுவீகாரம் எடுத்துக்கொண்டு, "என் வளர்ப்பு எப்படி?" என்று மீசையை முறுக்குவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

வளர்த்தவர்கள் யார் என்று கேட்டால், அந்த நிலத்துக்கு உரிய மக்கள் இருக்கிறார்கள். தொஹோனோ ஓதம் என்று பெயர். பாலைவன மக்கள் என்று பொருள். (நம் பாஷையில் ஓதம் என்றால் ஈரம். பாலைவனத்து ஜனங்களுக்கு இப்படி ஒரு பெயர் நம் காதில் விழுவது வேடிக்கைதான்.) வெள்ளைக்காரர்கள் சூட்டிய பாப்பகோ என்ற பெயரை 1986ல் அவர்கள் உதறிவிட்டார்கள். ஜூன் கடைசியில் சகுவாரோ பழுக்கும்போதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. செத்த சகுவாரோவின் உள்விலா எலும்புகளைப் போன்ற கழிகளை இணைத்துத் துறடு செய்து, அதனாலேயே பழத்தைப் பறிக்கிறார்கள். சதையை எடுத்துக்கொண்டு, தோலைச் செந்நிறப் புறம் வானத்தைப் பார்க்கத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மழைக்கு விடுக்கும் அழைப்பு அது. பழச்சாற்றைப் பாகாகக் காய்ச்சி, பாகைப் புளிக்கவைத்து, எல்லோரும் கூடிக் குடித்து மழையை இறக்குகிறார்கள். மண் நனைகிற மாதிரி மனிதனும் நனைய வேண்டும் என்பது அந்தச் சடங்கின் நியாயம். சகுவாரோ அவர்களுக்குத் தெய்வம் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. அது ஒரு ஆள். குடும்பத்தில் மூத்த ஆள்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை, முள்செடிக்கு என்ன ஆள்தன்மை?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1908ல் இந்தக் கள்ளிக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியவர்கள், உருக்குச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகியின் பெயரைச் சூட்டினார்கள். அவர் பணத்தில் எழுந்த ஸ்தாபனம் 1903ல் டூஸான் ஊரருகே பாலைவன ஆராய்ச்சிக்கூடம் வைத்தது, அதற்கு நன்றிக்கடன். போகட்டும். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு உருக்குக் கம்பெனி நபர் என்ற அந்தஸ்தைப் பெறலாம். வழக்காடலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு மூச்சு இல்லை, வேர் இல்லை, பூ இல்லை. அதை நபர் என்று ஒப்புக்கொண்டவர்கள், முதலாளியின் பெயரைச் சுமக்கும் மரத்தை நபர் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள்! ஓதம் மக்களின் சட்டசபை 2021ல் சகுவாரோவுக்கு ஆள்தன்மை உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டில் எது மூடநம்பிக்கை என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அந்தத் தீர்மானம் வெறும் பக்திப் பெருக்கில் பிறந்ததல்ல. 1853ல் மெக்ஸிகோவிடம் அமெரிக்கா நிலம் வாங்கியபோது, எல்லைக்கோடு ஓதம் நாட்டை அவர்களைக் கேட்காமலே இரண்டாகக் கிழித்துக்கொண்டு போயிற்று. 2020ல் அதே கோட்டின்மேல் மதில் எழுப்பினார்கள். ஆர்கன் பைப் தேசியச் சின்னப் பூங்காவுக்குள்ளே புல்டோசர் புகுந்தது. சுற்றுப்புறத்தையும் கல்லறைகளையும் காக்கிற சட்டங்களை ஒரு மந்திரியின் கையெழுத்து ஒதுக்கி வைத்தது. அப்படி ஒதுக்குவதற்கும் ஒரு சட்டம் 2005லேயே தயாராக இருந்தது. சகுவாரோக்கள் வெட்டுண்டு கிடந்த படங்கள் ஊரெல்லாம் பரவின. "நல்ல மரங்களை வேறிடத்தில் நட்டுவிட்டோமே" என்றார்கள் அதிகாரிகள்.

இந்த "வேறிடத்தில் நட்டுவிட்டோம்" என்ற பேச்சைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பங்களாக்காரர் சொல்வதும் இதே பேச்சுதான். "சாலை போடுகிற இடத்தில் சாகவிருந்த மரம் ஐயா, நான் காப்பாற்றினேன்" என்கிறார். இதில் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. அந்த ராஜ்யத்தில் மரத்தைப் பெயர்க்க அனுமதியும் முத்திரைச் சீட்டும் வேண்டும். ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் சர்க்காருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தம் நிலத்தில் உள்ளதை அழித்துவிடலாம். அழிவதைவிடப் பெயர்வது மேல்தானே? சிறு மரமானால் மேல்தான். ஓராள் உயரத்துக்குட்பட்டது புது மண்ணில் பிழைக்கும். அதையும் தெற்குப் பக்கம் அடையாளமிட்டு அதே திக்கில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பழகாத வடபுறம் வெந்துபோகும். கிளைவிட்ட கிழமரத்தின் கதை வேறு. அதன் வேர்கள் மேல்மண்ணில் சில அங்குல ஆழத்தில், மரம் எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பரந்து கிடக்கின்றன. பெயர்க்கும்போது அவற்றில் பெரும்பகுதி அறுந்துவிடும். அறுந்த பிறகும் மரம் தன் உடம்பில் சேமித்த நீரைக் குடித்துக்கொண்டு சில வருஷம் பச்சையாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் காப்பாற்றிவிட்டதாக மகிழ்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கிற ஒருவர் செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லாதது ஒரு சௌகரியம். விழும்போது உத்தரவாதப் பத்திரம் காலாவதியாகியிருக்கும்.

திருட்டைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. 1933ல் காப்பிடமாகி 1994ல் தேசியப் பூங்காவான சகுவாரோ பூங்காவில் மரங்களின் உடம்புக்குள் மின்னணுச் சில்லு செலுத்தி அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்றால் போதும். மாட்டுக்குச் சூடு போட்ட காலம் போய், கள்ளிக்கு!

வேறொரு எதிரியும் உண்டு. அது நமக்குச் சொந்தம். காங்கேயத்து மேய்ச்சல் காடுகளில் மாடு விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் இருக்கிறதே, அந்த இனத்தையே மாட்டுத் தீவனத்துக்கென்று அரிஜோனாவில் 1930களில் பரப்பினார்கள். நம் ஊரில் சாதுவாக இருக்கும் அந்தப் புல், நெருப்பே பழகாத அந்தப் பாலைவனத்தில் மரத்துக்கு மரம் தீயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சகுவாரோவுக்குத் தீயைத் தாங்கும் பட்டை கிடையாது. உஷ்ணமும் சேர்ந்துகொண்டது: 2023ல் பீனிக்ஸ் நகரில் 31 நாள் தொடர்ந்து பகல் வெப்பம் 110 டிகிரியை எட்டியது. இந்தக் கள்ளி இரவில்தான் சுவாசத் துளைகளைத் திறக்கும். இரவும் அனலாக இருந்தால் எப்போது மூச்சு விடும்? நகரத்து மரங்கள் கைகளை உதிர்த்துவிட்டுச் சாய்ந்தன.

"அப்படியானால் நாங்கள் அதை வளர்க்கவே கூடாதா?" என்று பங்களாக்காரர் கோபித்துக்கொள்ளலாம். தாராளமாக வளர்க்கலாம். அந்தப் பூமியில் வீடு இருந்தால், முறையாகக் கிடைக்கும் விதை வாங்குங்கள். ஒரு பழத்திலேயே இரண்டாயிரம் விதை இருக்கும், கடுகைவிடச் சிறிது. மணல் கலந்த மண்ணின் மேலே தூவி, கோடைச் சூட்டில் ஈரம் காயாமல், நேர்வெயில் படாமல் வையுங்கள். இரண்டு பருப்பிலைகளோடு ஒரு பச்சைப் பொட்டு எழும்பும். அணிலுக்கும் எலிக்கும் மறைத்துச் சில வருஷம் தொட்டியில் காப்பாற்றி, பிறகு தோட்டத்துப் பாலோ வெர்டே மரத்தின் அடியில் வையுங்கள். பத்தாம் வருஷம் கட்டைவிரல் அளவு இருக்கும். விருந்தாளிகளுக்குக் காட்ட முடியாது. குனிந்து தேடினால்தான் தெரியும். நடுவில் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே, அந்த மரத்தடியில் கால் வைக்காமல் நடக்கும்படி சொல்லிவிட்டுப் போங்கள்.