ஒரு வாரம் போய் வந்தால் போதுமா?



லீவு விட்டால் சபையிலிருந்து ஒரு குழு கிளம்பும். தளி, அஞ்செட்டி பக்கம் ஒரு வாரம் ஊழியம். பாட்டு, ஜெபம், பள்ளிச் சுவருக்கு வெள்ளை, குரூப் போட்டோ. அப்புறம் ஓசூர் பஸ்! போனவங்க மனசு நிறையுது, சரி. ஊருக்கு என்ன மிஞ்சுது?

மூலையில் நிற்கும் அடிபம்பைப் பாருங்கள். பழைய வார்ப்பிரும்பு பம்புகள் அடிக்கடி உடைந்தபோது, மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் மிஷன்காரர்கள் அங்கேயே தங்கி, உழைக்கும் பம்பைச் செய்தார்கள். அந்த சோலாப்பூர் பம்பை வைத்துத்தான் யுனிசெஃப்பும் சென்னைப் பொறியாளர்களும் 1970களில் 'இந்தியா மார்க் 2' உருவாக்கி, கோவைப் பக்கம் சோதித்தார்கள். பின்னால் வந்த 'மார்க் 3'-ல் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே எடுக்கலாம். வாஷரைக் கிராமத்து ஆளே மாத்திடுவார்.

பாடம் அதுதான். நாம வந்த பிறகும் ஓடணும்!

ஆகவே குழுவில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் வேணும். கன்னடம், தெலுங்கு பேசும் நண்பன் முன்னால் நிற்கணும். நம்ம மாவட்டத் தண்ணியில் ஃபுளோரைடு தொல்லை உண்டு. முதல்ல தண்ணியைச் சோதிக்கணும். ஊர்ப் பசங்க ரெண்டு பேருக்கு வேலை கத்துக் கொடுக்கணும். அடுத்த வருஷமும் அதே ஊருக்குப் போகணும்.

இன்னொன்று: ரிப்பேருக்குக் கூலியா "எங்க கூட்டத்துக்கு வா"ன்னு கேட்கக் கூடாது. தாகத்துக்கு ஏதுங்க மதம்?

சிந்திப்போம், செயல்படுவோம்!